பக்கம் திறக்காததற்கு சிக்னல் மட்டுமா காரணம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும். பாடசாலை, பள்ளிவாசல், கோயில், விளையாட்டுக் கழகம், நலன்புரிச் சங்கம் என்று எதற்காவது இணையத்தளம் செய்து வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மழை பெய்தால் சிக்னல் போகும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை விழும் ஊர் இது. அதனால் போனில் ஒரு பக்கம் திறக்காவிட்டால் முதலில் மழையைத் திட்டுகிறோம். பிறகு கோபுரத்தை, அதற்குப் பிறகு டேட்டா விற்ற கம்பனியை. பல வேளைகளில் அந்தத் திட்டை வாங்க வேண்டியவர் வேறு ஆள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்ற தவணையில் நடந்தது இது. நமது பகுதிப் பிள்ளைகளுக்காக நல்ல மனதோடு செய்யப்பட்ட ஓர் இணையத்தளம். பெயர் வேண்டாம், யாரையும் தலைகுனிய வைப்பது எங்கள் நோக்கமில்லை. கடந்தகால வினாத்தாள்களும் விண்ணப்ப அறிவித்தல்களும் அதில் இருந்தன. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் வந்து, “சேர், வெள்ளையாவே நிக்குது, வர மாட்டேங்குது” என்றார்கள். லயத்துக்கு மேலே உள்ள மலைக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் கல்லில் நின்று பார்த்த பிள்ளைகள் இவர்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கையில் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு போன், அதற்குப் போட்ட ரீலோட் இரண்டு நாளைக்கு.

அதே கல்லில், அதே போனில் விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னோம். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. அப்படியென்றால் சிக்னல் இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் மட்டும் ஏன் வரவில்லை?

எங்களோடு தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர் அந்தத் தளத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து காட்டினார். விஷயம் உடனே விளங்கிவிட்டது. பக்கம் பிள்ளையின் போனுக்கு வந்துதான் இருக்கிறது. எழுத்து, அறிவித்தல், வினாத்தாள் இணைப்பு எல்லாம் வந்துவிட்டன. வந்ததைக் காட்டாமல், போன் வேறு யாருடைய பதிலுக்காகவோ காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நம்மூர் ஸ்டேஷனே போதும். ரம்புக்கனைக்கு மேலே மலையேறும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு கோச்சி வருகிறது என்றால், ஹட்டன் பக்கம் போக வேண்டிய ரயில் வட்டவளையில் நின்றுதான் ஆக வேண்டும். எஞ்சினில் குறையில்லை, பெட்டிகள் தயார், பயணிகள் ஏறிவிட்டார்கள். எதிரே வருவது வந்து சேரும் வரை ரொசல்லைப் பக்கம் ஓர் அடிகூட நகர முடியாது. எதிர் ரயில் ரொசல்லையிலோ ஹட்டனிலோ தாமதமானால் இங்கே நிற்பவர்களுக்கும் அதே தாமதம்.

இணையப் பக்கமும் மேலிருந்து கீழாக ஒற்றைப் பாதையில் வாசிக்கப்படுகிறது. நடுவில் “இன்ன கம்பனியின் சேவரிலிருந்து ஒரு நிரலை எடுத்து வா” என்று ஒரு வரி இருந்தால், வேறு விதமாகச் சொல்லப்படாத வரை உலாவி அந்த இடத்தில் நின்றுவிடும். அந்த நிரல் வந்து, ஓடி முடிந்த பிறகே அடுத்த வரி. எழுத்துருவையும் பக்க அலங்காரத்தையும் வெளியிலிருந்து எடுக்கும் வரியும் அப்படித்தான், அது வந்து சேரும் வரை திரையில் ஒன்றையும் வரையாது. ரயிலுக்கு அந்தக் காத்திருப்பு உயிர்ப் பாதுகாப்பு. பக்கத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

அந்தத் தளத்தில் என்னவெல்லாம் இருந்தன தெரியுமா? முகநூல் பெட்டி, வந்து போனவர்களின் எண்ணிக்கை காட்டும் கருவி, இன்றைய வானிலை, தொழுகை நேரப் பலகை, கூகுள் வரைபடம், யூடியூப் வீடியோ மூன்று, அழகான தமிழ் எழுத்துரு, மூலையில் குதிக்கும் அரட்டை பொத்தான். ஒவ்வொன்றும் உலகின் வெவ்வேறு மூலையிலுள்ள வெவ்வேறு ஆட்களுடைய சேவரில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் முகவரி தேட வேண்டும், பிறகு தொடர்பு ஏற்படுத்த வேண்டும், பாதுகாப்பு உறுதி செய்ய வேண்டும், அதற்குப் பிறகே பொருள் வரும். நமது மலையில் ஒரு போய்வரவுக்கே அரை விநாடி போகிறது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். (வந்து போனவர்களின் எண்ணிக்கை எதற்கு என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வினாத்தாள் தேடி வந்த பிள்ளைக்கு, தான் எத்தனையாவது ஆள் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?)

இன்னொன்றும் இருந்தது. பல மலிவான ஆயத்த வடிவமைப்புகளில் இதைக் காணலாம். பக்கம் முழுவதையும் ஒரு வெள்ளைத் திரையால் மூடி, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் திரை விலகும். வரைபடமும் யூடியூபும் சாதாரணமாக எழுத்தைத் தடுப்பதில்லை, ஓரமாக ஏறிக்கொள்ளும். இந்தச் சுற்றும் வட்டம் இருந்தால் அவையும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். யாரும் பார்க்காத வீடியோவுக்காக அறிவித்தல் காத்திருக்கும்.

செத்துப்போன சேவையைவிட மெதுவான சேவைதான் பெரிய தொல்லை. கடை பூட்டியிருந்தால் பார்த்தவுடன் திரும்பிவிடுவோம். திறந்து வைத்துவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டால் நின்றுகொண்டே இருப்போம். “இல்லை” என்று உடனே பதில் வந்தால் உலாவி அதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மௌனமாக இருந்தால்தான் சிக்கல். லினக்ஸ் கணினி ஒன்று, பதிலே தராத முகவரிக்கு மீண்டும் மீண்டும் முயன்று கைவிடுவதற்கு, வழக்கமான அமைப்பில் சுமார் 127 விநாடிகள் எடுக்கும். இரண்டு நிமிடத்துக்கும் மேல். மழையில் கல்லின் மேல் நிற்கும் பிள்ளை இரண்டு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்குமா?

இது எப்போதாவது நடப்பது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் அண்மைக் கால வரலாற்றை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் நடந்தவை யாருக்கும் மறக்கவில்லை. அந்த 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் முடக்கப்பட்டன. முகநூல் திரும்ப 15ஆம் திகதி ஆனது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் பல நாட்கள் முடக்கம். 2022 ஏப்ரல் 3, பொருளாதார நெருக்கடி நேரத்தில் மறுபடியும். முடக்கம் சரியா பிழையா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. நாங்கள் சொல்வது வேறு. முகநூல் நிரலைப் பக்கத்தின் தலையில், காத்திருக்கும் விதமாகச் செருகி வைத்திருக்கும் எந்தத் தளமும் அப்படியான நாட்களில் மாட்டிக்கொள்ளும். முடக்கம் “இல்லை” என்று திருப்பி அனுப்பும் விதமாக இருந்தால் தப்பிக்கலாம். போன கோரிக்கையை விழுங்கிவிட்டு மௌனமாக இருக்கும் விதமென்றால், முகநூலோடு சேர்ந்து நமது அறிவித்தலும் முடங்கும். பாடசாலை உண்டா இல்லையா, பஸ் ஓடுகிறதா, பிள்ளையை வெளியே அனுப்பலாமா என்று பெற்றோர் தேடும் நாட்கள் அவை.

முடக்கவே வேண்டியதில்லை, தானாகவும் விழும். 2021 ஒக்டோபர் 4, இரவு 9 மணி தாண்டி முகநூலும் வட்ஸ்அப்பும் உலகம் முழுக்க நின்றுபோனது ஞாபகமிருக்கும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பலர் போனை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். அதே ஆண்டு ஜூன் 8ஆம் திகதி, பல தளங்களின் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் பாஸ்ட்லி என்ற கம்பனியில் ஒரு கோளாறு. பிரித்தானிய அரசாங்கத்தின் தளமும் பெரிய பத்திரிகைகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. சீனாவில் 2014 நடுப்பகுதியிலிருந்து கூகுள் சேவைகள் தடுக்கப்பட்டபோது, கூகுளோடு சம்பந்தமே இல்லாத தளங்களும் அங்கே இழுபட்டன. அவற்றின் எழுத்துருவும் சில்லறை நிரல்களும் கூகுள் சேவரிலிருந்து வந்ததுதான் காரணம். ஸ்டீவ் சவுடர்ஸ் என்ற பொறியியலாளர் 2010இலேயே இந்த ஆபத்துக்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். அதாவது, தெரியாத நோய் இல்லை இது. மருந்தும் இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை.

முதல் மருந்து, தேவையில்லாததை எடுத்துவிடுவது. முகநூல் பெட்டிக்குப் பதிலாக ஒரு சாதாரண இணைப்பு போதும், விரும்பியவர் அழுத்திப் போகட்டும். வீடியோவுக்குப் பதிலாக ஒரு சிறிய படம் வைத்து, அழுத்தினால் மட்டும் வீடியோ வரும்படி செய்யலாம். இல்லாவிட்டால் வீடியோவைப் பார்க்காத பிள்ளையின் டேட்டாவிலும் பல நூறு கிலோபைட்டுகள் போய்விடும். அது அந்த அப்பாவின் காசு.

எடுக்க முடியாத நிரலுக்கு ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். “டிபர்” என்று போட்டால், பக்கம் முழுவதையும் வாசித்து முடித்த பிறகு ஓடும். “எசிங்க்” என்று போட்டால், யாரையும் காக்க வைக்காமல் வந்த நேரம் ஓடும். (இரண்டாவதைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அது இல்லாத பக்கம்தான் உண்மையில் அசிங்கம்.)

எழுத்துரு விஷயத்தில் நமக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. பழைய தளங்கள் சில இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு வந்து சேராவிட்டால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாறிய தளங்களும் அலங்காரத்துக்காக வெளியிலிருந்து எழுத்துரு எடுக்கின்றன. பொதுவாக எழுத்துரு வரும் வரை உலாவி 3 விநாடி அளவுக்கு எழுத்தை மறைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவசம் உள்ளதைக் காட்டும். அன்ட்ரொய்ட் போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. நன்றாகவே வாசிக்கலாம். அப்படியும் அழகு வேண்டுமென்றால், அந்தக் கோப்பை நமது சேவரிலேயே வைத்து, வரும் வரை இருக்கும் எழுத்தில் காட்டு என்று ஒரு வரி எழுதலாம்.

“கூகுளிலிருந்து எடுத்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கியது போனில் இருக்கும், வேகமாக வரும்” என்று தளம் செய்து தரும் தம்பிமார் சொல்வார்கள். அது பழைய கதை. 2020 கடைசியிலிருந்து குரோம் உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகத்தான் சேமித்து வைக்கிறது. ஒரு தளத்துக்கு இறங்கியது இன்னொரு தளத்துக்கு உதவாது.

தொழுகை நேரப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் தளங்களுக்கு அது தேவைதான். ஆனால் ஓர் ஊருக்கான தொழுகை நேரம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. பள்ளிவாசல் சுவரில் ஆண்டு முழுவதற்குமான அட்டவணை தொங்குகிறது. 365 வரி கொண்ட ஒரு சிறிய கோப்பு, சில கிலோபைட்டுகள், நமது தளத்திலேயே இருக்கலாம். நோன்பு திறக்கும் நேரம் பார்க்க வந்தவரை வெளிநாட்டுச் சேவர் ஒன்றின் வாசலில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

பிள்ளையின் போனில் மட்டுமல்ல, சேவரின் உள்ளேயும் இதே காத்திருப்பு நடக்கும். வெளியே தெரியாது என்பதால் இது இன்னும் மோசம். சில தளங்கள் பக்கத்தைத் தயாரித்து அனுப்புவதற்கு முன்பே வெளியே போய் வானிலையையோ டொலர் விலையையோ கேட்டு வாங்கிக்கொண்டு வரும். பிஎச்பி மொழியில் எழுதிய சிறிய தளங்களில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், வெளிச் சேவரின் பதிலுக்காகப் பொதுவாக 60 விநாடி வரை காத்திருக்கும். மலிவான சேவரில் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய கைகள் கொஞ்சம்தான். பத்துக் கைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரின் பக்கங்கள் வானிலைக்காகக் காத்து நின்றால் பதினோராவது ஆளுக்குக் கை இல்லை. அவர் வானிலையே இல்லாத பக்கத்தைக் கேட்டிருந்தாலும் நிற்க வேண்டும். தபாற்கந்தோரில் இருக்கிற ஒரே ஆள் கொழும்புக்கு போன் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றால், முத்திரை வாங்க வந்தவரும் நிற்பதைப் போல.

இதற்கும் வழி உண்டு. வானிலையை ஆள் வரும்போது கேட்கக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சேவர் தானாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வருபவருக்கு வைத்திருப்பதைக் கொடுக்க வேண்டும். புதியது கிடைக்காவிட்டால் பழையதைக் காட்டி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று பக்கத்தில் போட்டால் போதும். நேரடியாகக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் இரண்டு விநாடி எல்லை. நாலைந்து தடவை தொடர்ந்து பதில் வராவிட்டால், சில நிமிடங்களுக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. வீட்டில் மின்னொழுக்கு என்றால் ட்ரிப் சுவிட்ச் விழுவதைப் போலத்தான். மைக்கேல் நைகார்ட் என்பவர் 2007இல் எழுதிய ஒரு நூலின் மூலம் இந்த முறை மென்பொருள் உலகத்தில் பரவியது. அவரும் மின்சார உவமையைத்தான் எடுத்தார்.

வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டும், நமது பிள்ளை எந்த இணைய முகவரியிலிருந்து எந்த நேரம் வந்தது என்று அந்தக் கம்பனிக்குச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கூகுள் எழுத்துருவை இப்படி எடுத்ததற்காக, 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்காரரை 100 யூரோ நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2024 ஜூனில் இன்னொரு பாடம். ஆயிரக்கணக்கான தளங்கள் பல வருடமாக நம்பி எடுத்துக்கொண்டிருந்த பொலிஃபில் என்ற நிரலின் முகவரி கைமாறி, புதிய கையிலிருந்து கெட்ட நிரல் வரத் தொடங்கியது. தளத்துக்காரர்கள் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றையும் மாற்றவுமில்லை. வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

“தளமே எதற்கு, முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். இதையே முகநூலில் எழுதிக்கொண்டு முகநூல் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மேலே சொன்ன 2018, 2019, 2022 நாட்களில் அந்தக் குழுக்களுக்கு என்ன நடந்தது? வினாத்தாளும் விண்ணப்ப முடிவுத் திகதியும் யாரோ ஒருவர் பூட்டக்கூடிய அறையில் மட்டும் இருப்பது சரியில்லை. நமக்கென்று ஒரு சிறிய, எளிமையான, தன் காலில் நிற்கும் தளம் வேண்டும்.

“எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், வெறும் எழுத்து மட்டும் போட்டால் தளம் மொட்டையாக இருக்கும்” என்பது அடுத்த பேச்சு. கல்வியியல் கல்லூரியில் பாடத் திட்டம் எழுதப் பழக்கியபோது எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விஷயம் உண்டு. நாற்பது நிமிடப் பாடம். படம், வரைபடம், புரொஜெக்டர் எல்லாம் துணைச் சாதனம். அவை வரவில்லை என்று வகுப்பை நிறுத்தி வைக்கும் ஆசிரியரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். கரும்பலகையில் தொடங்குங்கள், படம் வந்தால் ஒட்டுங்கள்.

உங்கள் தளம் எப்படி என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கணினியில் குரோமில் தளத்தைத் திறந்து, எப் 12 விசையை அழுத்தி, நெட்வேர்க் என்ற பகுதிக்குப் போங்கள். பக்கத்தை மீண்டும் ஏற்றினால், யார் யாரிடமிருந்து என்னென்ன வருகிறது என்று வரிசையாகக் காட்டும். நமது முகவரி இல்லாத ஒவ்வொரு வரியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியின் மேல் வலது பக்கச் சொடுக்குப் போட்டால் அந்த முகவரியைத் தடுக்கும் வசதி வரும். ஒவ்வொன்றாகத் தடுத்துப் பாருங்கள். பக்கம் நின்றால் தளம் பரவாயில்லை, வெள்ளையானால் அதுதான் நோய். ஆனால் இந்தச் சோதனை “இல்லை” என்று உடனே சொல்லும் நிலையை மட்டும்தான் காட்டும். மௌனமாக இழுத்தடிக்கும் நிலையைப் பார்க்க, வெப்பேஜ்டெஸ்ட் என்ற தளத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பதிலே தராத ஒரு முகவரிக்கு அந்தக் கோரிக்கைகளைத் திருப்பிவிட்டு, உங்கள் பக்கம் எத்தனை விநாடி வெள்ளையாக நிற்கிறது என்று படம்படமாகக் காட்டும்.

பழைய மாணவர் சங்கத்துக்கும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களுக்கும் எங்கள் கோரிக்கை இதுதான். இனி யாருக்காவது தளம் செய்யக் காசு கொடுக்கும்போது, கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வெளிச் சேவைகள் அத்தனையும் பதில் தராமல் போனாலும் அறிவித்தல், வினாத்தாள், திகதி மூன்றும் திரையில் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். அதுவும் கொழும்பிலுள்ள அலுவலகத்தின் வைபையில் பார்க்க வேண்டாம். இங்கே, இரண்டு கோடு சிக்னலில், ஐந்து வருடப் பழைய போனில் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன தளத்தைச் செய்த தம்பியிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். கோபிக்கவில்லை. சுற்றும் வட்டத்தையும் எண்ணிக்கைக் கருவியையும் அன்றைக்கே எடுத்துவிட்டார், எழுத்துருவை அடுத்த வாரம் மாற்றினார். முகநூல் பெட்டி மட்டும் இன்னும் இருக்கிறது, நிர்வாகத்தில் ஒருவர் விட மாட்டேன் என்கிறார். ஆனால் அது இப்போது பக்கத்தின் அடியில், எல்லாம் வந்த பிறகு வருகிறது. பிள்ளைகள் வினாத்தாளை எடுத்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை காலை, இரண்டு பழைய போன்களோடு எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் பாடசாலையில் இருப்பார். தங்கள் தளத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு முன் வாருங்கள். பின்னேரம் மழை வந்துவிடும்.